நிழற்படத்தில் பெருமிதம்

தன் முகத்தைத் தான் காண விரும்புவது மனித இயல்பு. தெளிந்த நீரிலும் துலக்கிய செம்புத் தகட்டிலும் தன் சாயலைக் கண்டு மகிழ்ந்த மனிதன், நாளடைவில் அதனைக் கல்லிலும் சுவரிலும் துணியிலும் நிலைபெறச் செய்யக் கற்றான். ஆயினும், சிற்பியையும் ஓவியனையும் அமர்த்திக்கொள்ளும் ஆற்றல் மன்னர்க்கும் செல்வர்க்குமே இருந்தது. ஏழையின் முகம் அவனோடு தோன்றி அவனோடு மறைந்தது. 1839ஆம் ஆண்டில், தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட நிழற்பட முறை பாரிசு நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று தொடங்கி அந்நிலை மெல்ல மெல்ல மாறியது. இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படம் எடுப்போராக விளங்குகின்றனர்.

படங்கள் பெருகிவிட்டன. ஆனால், அப்படங்களில் மனிதர் உண்மையாகவே காணப்படுகின்றனரா? ஒருவருடைய கண்ணும் மூக்கும் செவியும் இருந்த வண்ணமே பதிந்துவிட்டால் அஃது அவருடைய உருவம் ஆகலாம், அவர் ஆகிவிடுமா? எதனை நினைத்த அளவில் அவர் விழி மலர்கிறதோ, எதனைச் செய்யும்போது அவர்க்குப் பசியும் மறந்துபோகிறதோ, அந்த வேட்கை படத்தில் புலப்படும்போதுதான் பார்ப்பவர் ஒரு மனிதரைக் காண்கின்றனர். இப்பேற்றினைப் புகழ்பெற்றோர் சிலர் பெற்றுள்ளனர். உழைத்து வாழும் எளியோர்க்கு அது போதிய அளவு கிடைத்திலது. அவர்க்கு அதனை அளிப்பது அருட்கொடை அன்று; செலுத்த வேண்டிய கடன்.

உள்ளத்தில் நிகழ்வது உடலில் வெளிப்படும் என்னும் உண்மையைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்தனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்தார். துன்பத்தால் வரும் அழுகையும், தாழ்வுற்ற நிலையால் வரும் இளிவரலும் அவ்வெட்டனுள் அடங்கும். பெருமிதமும் உவகையும் அவ்வாறே அடங்கும். பெருமிதம் பிறப்பதற்குரிய காரணங்கள் நான்கனைக் கூறவந்த ஆசிரியர், கல்வியை முதற்கண் வைத்தார். இங்குக் கல்வி என்பதனை ஏட்டுக் கல்வி எனக் குறுக்கிக்கொள்ளல் வேண்டா. ஏர் பிடிக்கும் கையும், தறி நெய்யும் கையும், வலை வீசும் கையும் பல்லாண்டு பயின்று பெற்ற அறிவும் கல்வியே ஆகும். அக்கல்வி உடையவன் தன் தொழிலில் ஈடுபட்டிருக்கும்போது அவன் தோளிலும் விழியிலும் தோன்றும் நிமிர்வே பெருமிதம்.

திருவள்ளுவரும் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். ஒன்று பொருட்பாலில் உள்ளது. மற்றொன்று இன்பத்துப்பாலில் உள்ளது. வாய் சொல்லாததை முகம் சொல்லும். அதனை உணர்ந்துகொள்ளும் நுண்ணறிவு வேண்டும் என்பது அவ்வதிகாரங்களின் கருத்து. நிழற்படக் கலைஞனுக்கு இந்நுண்ணறிவே முதற்கருவி. அவன் கையில் உள்ள காமிரா இரண்டாவது கருவியே.

இக்கலை தோன்றிய காலத்தில் முதற்கருவிக்கு வேலை குறைவாகவே இருந்தது. ஒளி பதிவதற்கு நெடுநேரம் ஆயிற்று. ஆதலால், படத்துக்கு அமர்ந்தவர் அசையாதிருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாதபடி பின்புறத்தில் இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவதும் வழக்கமாக இருந்தது. அந்நிலையில் முகம் விறைத்துப் போனதில் வியப்பில்லை. பின்னாளில் நம் ஊர்களில் தோன்றிய படநிலையங்களிலும் இவ்விறைப்பு நீங்கவில்லை. மாளிகையும் சோலையும் தீட்டிய திரைச்சீலை, மரத்தால் செய்த தூண், பூச்சாடி வைத்த மேசை ஆகியவை அங்கு எப்போதும் காத்திருந்தன. எழுதப் படிக்க அறியாதவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது. கடிகாரம் இல்லாதவர் மணிக்கட்டில் இரவல் கடிகாரம் ஏறியது. குடும்பத்தார் அப்படங்களைப் போற்றிக் காத்தனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், இரவல் பொருள் ஒருவருடைய செல்வத்தைக் காட்டாதது போலவே, இரவல் புத்தகம் அவருடைய உள்ளத்தைக் காட்டுவதில்லை.

ஒருவருடைய உள்ளத்துக்கு உரிய பொருளோடு அவரைக் காட்டும் படம் எத்தகையது என்பதற்குக் காந்தியடிகளின் படம் ஒன்று சான்றாகும். 1946ஆம் ஆண்டில் மார்கரெட் பூர்க்-ஒயிட் என்னும் அமெரிக்க அம்மையார் அடிகளைப் படம் எடுக்கப் பூனா நகருக்குச் சென்றார். இராட்டையோடு அடிகளைப் படம் எடுக்க விரும்புவோர் முதலில் நூற்கக் கற்க வேண்டும் என்று அவரிடம் கூறப்பட்டது. அம்மையார் அதற்கு இசைந்து இராட்டையின் முன் அமர்ந்தார். நூல் அறுந்தது, மீண்டும் முயன்றார். அதன் பின்னரே அவர்க்கு அனுமதி கிடைத்தது. அன்று அடிகளுக்கு மௌன நாள். மின்விளக்கொளியை மூன்று முறை மட்டும் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கப்பட்டது. முதல் இரண்டு முயற்சிகளும் பயன் தரவில்லை. மூன்றாம் முறை படம் நன்கு அமைந்தது.

அப்படத்தில் இராட்டை முன்னே பெரிதாக நிற்கிறது. அடிகள் அதன் பின்னே அமர்ந்து செய்தித்தாள் நறுக்குகளைப் படிக்கின்றார். அவர் கை இராட்டையின்மேல் இல்லை. ஆயினும், அவர் வாழ்வு அதனைச் சுற்றியே சுழன்றது என்பது பார்த்த அளவில் விளங்குகிறது. நூற்கக் கற்றுக்கொள்ளாமல் எடுத்திருந்தால் அம்மையாருக்கு இராட்டை வெறும் மரச்சட்டமாகவே தோன்றியிருக்கும். நூல் அறுந்த வருத்தத்தைத் தாமும் அறிந்தமையால் அதன் சிறப்பு அவர்க்குப் புலனாயிற்று. பிறர் வேட்கையைப் படம் எடுக்க விரும்புவோர் அவ்வேட்கையின் வாயிலில் சிறிது நேரமாவது மாணவராய் நிற்றல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

வேட்கையைக் காட்டுவதற்கு முகமே வேண்டும் என்பதும் இல்லை. கனடா நாட்டில் வாழ்ந்த யூசுப் கார்ஷ் என்னும் கலைஞர், 1954ஆம் ஆண்டில் பாப்லோ கசால்ஸ் என்னும் இசைமேதையைப் படம் எடுக்கப் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். கசால்ஸ் செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசிப்பதில் இணையற்றவர். தம் தாயகமாகிய ஸ்பெயினில் கொடுங்கோலாட்சி நிலவியமையால் அந்நாட்டை விட்டு வெளியேறி வாழ்ந்தவர். பழைய மடம் ஒன்றின் வெறுங்கல் சுவரை நோக்கி அமர்ந்து அவர் வாசிக்கலானார். கார்ஷ் அவரை முதுகுப்புறத்திலிருந்தே படம் எடுத்தார். வளைந்த முதுகும், கல்லறை போன்ற சுவரும், உயரத்தில் ஒரு சிறு சாளரமும் அப்படத்தில் உள்ளன. முகம் காணப்படவில்லை, ஆனால் இசையில் தம்மை இழந்த ஒருவர் காணப்படுகின்றார்.

காந்தியடிகளும் கசால்சும் உலகறிந்த பெரியோர். அவர்களைக் காணச் சென்ற கலைஞர் காத்திருந்தனர், கற்றுக்கொண்டனர், பணிந்து நின்றனர். எளியோரைக் காணச் சென்றவர் அவ்வாறு நின்றனரா? வரலாறு வேறொரு விடை தருகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்னும் பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மனிதர் தம் பெயரால் குறிக்கப்படவில்லை. இன்ன குலத்தின் மாதிரி என்றே குறிக்கப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார், படமும் எடுத்தார். 1909ஆம் ஆண்டில் அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் செய்திகள் மிகுதி. அதனால் ஆராய்ச்சியாளர்க்குப் பயனும் உண்டு. ஆயினும், அளக்கப்பட்ட மூக்குக்கு உரியவர் எதனை விரும்பினார், எதனில் வல்லவராயிருந்தார் என்பதனை அந்த அளவுகோல் கேட்கவில்லை.

நல்ல கலைஞரும் இக்குறைக்கு ஆளாயினர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் உருவப்படக் கலையில் தலைசிறந்தவர். வானநூல் அறிஞர் ஹெர்ஷலையும் கவிஞர் டெனிசனையும் அவர் எடுத்த படங்களில் அப்பெரியோரின் உள்ளொளி தெரிகிறது. 1875இல் இலங்கையில் குடியேறிய அம்மையார், 1879இல் இறக்கும்வரை அங்கிருந்த எளிய மக்களையும் படம் எடுத்தார். தமிழ்த் தொழிலாளரும் அவருள் இருந்தனர் என்பர். அப்படங்கள் அழகியவை. ஆனால், ஹெர்ஷலுக்குப் பெயர் இருந்தது. தோட்டத்து மக்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் எழுதப்படவில்லை. ஒரே கண், ஒரே கை, ஒரே கருவி. மதிப்பு மட்டும் இரண்டாயிற்று.

அக்காலம் போயிற்று என்று அமைதி கொள்வதற்கில்லை. சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் திருப்பாலைவனம் என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்போர் மணற்காடு என மயங்கக்கூடும். பாலை என்பது ஒரு மரத்தின் பெயருமாகும்; அம்மரங்கள் செறிந்த வனமே பாலைவனம் ஆயிற்று என்பர். அவ்வூரைக் கடந்து கிழக்கே சென்றால் நிலம் தாழ்ந்து நீராகிறது. அதுவே பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பெரியது இது. இதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

இங்குக் காமிராவுடன் வருவோர் பலர். சிலர் பூநாரைக் கூட்டத்தைப் படம் எடுக்கின்றனர். சிலர் டச்சுக்காரரின் பழைய கல்லறைகளை எடுக்கின்றனர். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் எச்சங்களைத் தேடுகின்றனர். தீவிலிருந்து விண்ணில் எழும் ஏவூர்தியின் படம் உலகெங்கும் செல்கிறது. மாலையில் கதிரவன் சாயும் வேளையில், படகில் நிற்கும் மீனவரும் படத்தில் இடம்பெறுகின்றார். எவ்வாறு? ஒளிக்கு எதிர்த்திசையில் நிற்பதால் அவர் உருவம் முழுதும் கறுத்து, வெறும் கோடாகத் தெரிகிறது. வானத்தின் நிறம் தெளிவாக இருக்கிறது; பறவையின் சிறகு தெளிவாக இருக்கிறது; மனிதன் முகம் மட்டும் இருண்டிருக்கிறது. அழகிய படம் என்று அதனைப் பாராட்டுவோர், அவ்விருளில் மறைந்தது யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறைந்தது ஒரு பெருங்கல்வி. இவ்வேரியில் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை வைக்கலாம் என்று ஊரார் கூடி முறை வகுக்கும் ஒழுங்கு உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரியில் மீனும் இறாலும் குறையும் என்பதனை அவர்கள் நூலில் படித்து அறியவில்லை. நீரில் நின்று அறிந்தனர். பாட்டு முறையில் எல்லார்க்கும் இடம் கிடைத்ததில்லை. இருளர் குடியினர் பலர் வலையும் படகும் இன்றி, இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கின்றனர். பனையோலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் இடுகின்றனர். கலங்கிய நீரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அங்கு விரல் நுனியே கண்ணாகிறது. பழவேற்காட்டுப் பெண்கள் பலர் பனையோலையால் பெட்டியும் கூடையும் முடைவதில் கைதேர்ந்தவர். இவ்வளவும் கல்வி அன்று எனில், கல்வி என்னும் சொல்லுக்குப் பொருள்தான் யாது?

இக்கல்வியைக் காணக்கூடிய கண் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. மதுரையை அடுத்த ஊரொன்றில் மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன் எம். பழனிகுமார். கவனிக்கப்படாத உழைப்பாளிகளைப் படம் எடுப்பதையே தம் பணியாகக் கொண்டவர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக மக்கள் ஆவணக் காப்பகத்தில் அவர் படங்கள் வெளிவருகின்றன. தயாநிதா சிங்கும் பாரியும் இணைந்து நிறுவிய நிழற்பட விருதினை 2022ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூரை ஒட்டி ஓடும் கொசத்தலை ஆற்றில் கையால் இறால் பிடிக்கும் முதிய இருளர் பெண்மணி ஒருவரை அவர் படம் எடுத்து, அவர் வரலாற்றையும் எழுதினார். அப்பெண்மணிக்கு அங்குப் பெயர் உண்டு, வாழ்க்கை உண்டு, சொல் உண்டு. பல்லிடையே பறியைக் கவ்வியபடி நீரில் அமர்ந்திருக்கும் அவரைக் காண்போர்க்கு முதலில் தோன்றுவது இரக்கம் அன்று, வியப்பு. மீன் விற்கும் தம் தாயையும் அவர் இக்கண்கொண்டே படம் எடுத்தார். காத்திருந்து பழகியவர்க்கே அத்தகைய படம் கைகூடும்.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்யும் கடுந்தொழிலை வேட்கை என்று போற்றுவது துன்பத்துக்குப் பொன்முலாம் பூசுவது ஆகாதா? இது நல்ல கேள்வி. எல்லா உழைப்பும் விருப்பத்தால் பிறப்பதில்லை. வலை இழுப்பவரின் உள்ளம் வலையில் இருக்கலாம், தெருக்கூத்தில் இருக்கலாம், சடுகுடு ஆட்டத்தில் இருக்கலாம். கூடை முடையும் பெண்ணின் மகளுடைய விருப்பம் கணக்கில் இருக்கலாம். ஆகவே, மீனவரைக் கண்டால் துடுப்பையும், குயவரைக் கண்டால் சக்கரத்தையும் தாமே கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் பழைய படநிலையத்தின் இரவல் புத்தகத்தைப் போன்றதே. எதனோடு தாம் காணப்பட வேண்டும் என்பதனைப் படத்துக்கு உரியவரே சொல்லட்டும். அவரைக் கேட்பதே முதற்கடமை.

மற்றொரு தடையும் உண்டு. ஏழையின் கண்ணீரைக் காட்டினாலன்றோ நாட்டார் இரங்குவர்? பெருமிதத்தைக் காட்டினால் குறையொன்றும் இல்லை என்று வாளா இருந்துவிட மாட்டாரா? துன்பத்தைக் காட்டும் படங்கள் தீமையை வெளிப்படுத்தி நன்மை விளைத்ததுண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், அழுகையையும் இளிவரலையும் மட்டுமே மீண்டும் மீண்டும் காட்டினால், எளியோர் என்போர் எதுவும் அறியாதவர், எதற்கும் இயலாதவர் என்னும் எண்ணமே பார்ப்போர் நெஞ்சில் வேரூன்றும். எதுவும் இல்லாதவர் எதனை இழக்க முடியும் என்று அவர்கள் எண்ணத் தலைப்படுவர். 2023 டிசம்பரில், பெருமழை வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கரிய பிசினால் மூடுண்டன. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் அந்நீரைப் பல்லாண்டாகக் கெடுத்துவந்தது. அங்கு அழிந்தது சிலருடைய கூலி மட்டுமா? விரல் நுனியால் நீரடியைப் படிக்கும் ஒரு கல்வியே அழிவின் விளிம்புக்கு வந்தது. இழப்பின் அளவை அறிய, இழக்கப்படுவது இன்னதென்று முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பெருமிதத்தைக் காட்டும் படம் துன்பத்தை மறைப்பதில்லை. அத்துன்பத்தின் உண்மையான அளவை அதுவே காட்டுகிறது.

இக்கருத்து இளைஞர்க்கு மிகவும் வேண்டுவது. அவர்கள் கையில் இன்று கருவி இருக்கிறது; காண்பதற்கு ஊரும் இருக்கிறது. சுற்றுலா செல்லும்போது வழியில் காணும் உழைப்பாளியைக் கேளாமல் படம் எடுத்துக்கொண்டு விரைவது நாகரிகம் ஆகாது. முதலில் அவர் பெயரைக் கேட்க வேண்டும். அவர் செய்யும் தொழிலைச் சிறிது நேரம் நின்று காண வேண்டும். இயலுமாயின் தாமும் செய்து பார்த்துத் தோற்க வேண்டும். எதில் அவர்க்கு மகிழ்ச்சி என்று அறிய வேண்டும். வேண்டா என்று அவர் சொல்வாராயின் கருவியை மூடிவிட வேண்டும். எடுத்த படத்தை அவரிடமே முதலில் காட்டுதல் வேண்டும். படி ஒன்றை அவர்க்கு அளித்தலும் வேண்டும். தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. வீட்டில் பாட்டியின் கை எந்த வேலையில் தானே இயங்குகிறது, தந்தையின் குரல் எந்தப் பேச்சில் உயர்கிறது என்பவற்றை உற்றுநோக்குவதிலிருந்தே இக்கலையைத் தொடங்கலாம்.

மன்னர்க்கு ஓவியர் இருந்தனர், புலவரும் இருந்தனர். மக்களாட்சிக் காலத்தில் மக்கள் ஒவ்வொருவரும் காணப்படுவதற்கு உரியவர். கூட்டமாக அன்று, குலமாக அன்று, கதிரவனுக்கு முன் நிற்கும் கரிய கோடாகவும் அன்று. பெயரோடும், தாம் கற்ற கல்வியோடும், அக்கல்வி தந்த பெருமிதத்தோடும் அவர்கள் காணப்படுதல் வேண்டும். ஒளியை எந்தப் பக்கத்தில் நின்று வாங்குவது என்பது படம் எடுப்பவன் கையில் உள்ளது. அவன் படகின் மறுபுறம் சென்று நின்றால், அதே கதிரவன் மீனவர் முகத்தை ஒளி பெறச் செய்வான்.